பழைய ஜென் காரில் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது: ஊற்றிக்கொண்டே இருப்பதா, மொத்தமாக மாற்றுவதா?

நாமக்கல்_ஜென்

வணக்கம். என்னிடம் இருப்பது 2002 மாருதி ஜென், பெட்ரோல். சித்தப்பா வாங்கி ஓட்டிய வண்டி. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஓட்டுவதை நிறுத்திவிட்டு என்னிடம் கொடுத்தார். இன்ஜின் சத்தம் நன்றாக இருக்கிறது, புகை இல்லை. விற்கும் எண்ணமும் இல்லை.

பிரச்சினை இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்தான். பானட்டுக்குள் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலில் அளவு 'லோ' கோட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. மாதத்துக்கு அரை லிட்டராவது ஊற்ற வேண்டியிருக்கிறது. நிறுத்தும் இடத்தில் தரையில் ஈரம் பார்த்ததில்லை. நான் குடிக்கிற கேன் தண்ணீரை ஊற்றி வருகிறேன். சித்தப்பா வீட்டு போர் தண்ணீரையே ஊற்றி வந்தார். முன்பு பச்சையாக இருந்தது இப்போது கலங்கலான பழுப்பாக இருக்கிறது.

ஊருக்குள் ஓட்டும்போது டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கீழேயே நிற்கும். போன மாதம் குடும்பத்தோடு கொல்லிமலை ஏறினோம். 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டும்போது முள் முக்காலுக்கு மேல் போய்விட்டது. ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, ஆறவைத்துத்தான் மேலே போனோம். நிறுத்திய பிறகு பாட்டிலுக்குள் கொஞ்ச நேரம் குமிழ் வந்தது.

ஒரு மெக்கானிக், "இருபது வருஷத்துக்கு மேல ஆன வண்டி, தண்ணி குடிக்கத்தான் செய்யும், ஊத்திட்டே இருங்க" என்றார். இன்னொருவர், சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடே ஏறாது என்கிறார். ஸ்பேர்ஸ் கடையில் சிவப்புக் கூலன்ட் கொடுத்து, "இதையே மேலே ஊற்றுங்கள்" என்றார்கள். வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் ஊற்றவில்லை. பச்சையோடு சிவப்பைக் கலக்கலாமா? மொத்தமாக மாற்ற வேண்டுமென்றால் வீட்டிலேயே செய்ய முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேட்டூர்_பழையவண்டி

எங்கள் வீட்டில் பெட்ரோல் அம்பாசிடர் இருந்தது. ஏற்காடு ஏறும்போது வழியில் எந்தக் குழாயில் தண்ணீர் வந்தாலும் பிடித்து ஊற்றுவோம். கூலன்ட் என்ற பெயரே அப்போது எங்களுக்குத் தெரியாது. அந்த வண்டி இரண்டு தலைமுறைக்கு ஓடியது. உறைந்துபோகாமல் இருக்கத்தானே கூலன்ட்? நம் வெயிலில் எது உறையப்போகிறது? நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும் என்பது என் கருத்து.

சேலம்_ரேடியேட்டர்

நான் சேலத்தில் ரேடியேட்டர் கடை நடத்துகிறேன். அப்பா ஆரம்பித்த கடை, அவருக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். லாரி ரேடியேட்டர்தான் அதிகம், கார்களும் வரும். கூலன்ட் இல்லாமல் ஓடிய வண்டிகளின் உட்புறம் எப்படி இருக்கும் என்பதைத் தினமும் பிரித்துப் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, கூலன்ட் மாற்றுவது இரண்டாவது வேலை. இருப்பது எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அது மூடிய சுற்றில் ஓடுகிற திரவம். மாதம் அரை லிட்டர் காணவில்லை என்றால், ஒன்று வெளியே கசிகிறது, இல்லையென்றால் இன்ஜினுக்குள் போய் ஆவியாகிப் புகையோடு வெளியேறுகிறது. வயதான வண்டி தண்ணீர் குடிக்கும் என்பதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். எவ்வளவு வயதான வண்டியாக இருந்தாலும், சுற்று சரியாக இருந்தால் பாட்டிலில் அளவு மாதக்கணக்கில் அப்படியே நிற்கும்.

முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். காலையில், இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். இதில் விளையாட்டே கூடாது. சூடாக இருக்கும்போது உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கிற திரவம், மூடி தளர்ந்த நொடியில் கொதித்துச் சீறும். முகம் வெந்துபோய் மருத்துவமனைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். நம் ஊர்ச் சின்னக் கார்களின் மூடியில் பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 என்று அச்சடித்திருக்கும். அத்தனை கிலோ அழுத்தம் வரை மூடி பிடித்து வைக்கும் என்று அர்த்தம். வெறும் தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். 0.9 அழுத்தத்தில் அதே தண்ணீர் சுமார் 118 டிகிரி வரை தாங்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் அதற்கும் மேலே போகும். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்துவிட்டாலோ ஸ்பிரிங் தளர்ந்துவிட்டாலோ இந்தத் தாங்குதல் முழுவதும் போய்விடும். ஊருக்குள் ஒன்றும் தெரியாது. மலை ஏறும்போதுதான் கொதித்துப் பாட்டிலுக்குத் தள்ளும். நீங்கள் சொன்ன குமிழுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. சூட்டில் விரிந்த திரவம் பாட்டிலுக்குப் போகிறது. இன்ஜின் ஆறும்போது மூடியின் நடுவில் இருக்கிற சின்ன வால்வு திறந்து, பாட்டிலிலிருந்து அதைத் திரும்ப உள்ளே இழுக்கிறது. அந்த வால்வு ஒட்டிக்கொண்டால், காலையில் பார்க்கும்போது மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். பாட்டில் நிறைந்திருந்தும் ரேடியேட்டர் காலியாக இருக்கும் வண்டிகள் என்னிடம் நிறைய வருகின்றன. ஆகவே பாட்டிலை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். குளிர்ந்த நேரத்தில் மூடியைத் திறந்தால் கழுத்து வரை நிறைந்திருக்க வேண்டும். மூடி விலை அதிகமில்லை. சந்தேகம் இருந்தால் அதே எண் போட்ட புதியதை வாங்கிப் போடுங்கள். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டு "இன்னும் தாங்கட்டும்" என்று மட்டும் செய்யாதீர்கள், பழைய ஹோஸும், டேஷ்போர்டுக்கு அடியில் ஹீட்டருக்குச் சூடு கொடுக்கிற ஹீட்டர் கோரும் அதைத் தாங்காது.

அடுத்தது கசிவு. தரையில் ஈரம் இல்லை என்பதால் கசிவே இல்லை என்று ஆகிவிடாது. சூடான இன்ஜின்மேல் சொட்டினால் அங்கேயே ஆவியாகிவிடும். கூலன்ட் இருக்கிற வண்டியில் காய்ந்த இடத்தில் பச்சையாகவோ சிவப்பாகவோ படிந்து காட்டிக்கொடுக்கும். உப்புத் தண்ணீர் வெள்ளையாகப் பூக்கும். நீங்கள் ஊற்றுகிற கேன் தண்ணீர் தடமே வைக்காது, அதனால்தான் உங்களுக்கு அகப்படவில்லை. ஹோஸ் கிளிப் இருக்கும் இடங்கள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியக் கோரும் சேரும் மடிப்பு, வாட்டர் பாடியின் (தண்ணீரைச் சுற்றவிடும் பம்பு) கீழே இருக்கிற சின்ன ஓட்டை, இவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த ஓட்டை வைத்திருப்பதே, உள்ளே சீல் போய்விட்டால் நமக்குத் தெரியட்டும் என்பதற்காகத்தான். சொட்டுகிறதே என்று அதை எம்சீல் வைத்து அடைத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போய் அதையும் தின்றுவிடும்.

முன் சீட்டுக் கால் வைக்கும் இடத்தில், டேஷ்போர்டுக்கு அடியில் மேட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈரமாக, பிசுக்காக, லேசான இனிப்பு வாசனையோடு இருந்தால் ஹீட்டர் கோர் கசிகிறது. கண்ணாடியில் உள்பக்கம் எண்ணெய் மாதிரி மூட்டம் படிவதும் அதன் அடையாளம்தான். ஏசி தண்ணீருக்கு வாசனையும் இருக்காது, பிசுக்கும் இருக்காது.

இதில் எதுவும் இல்லையென்றால்தான், இன்ஜின் பிளாக்குக்கும் அதன்மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு குமிழ் வரலாம். நிற்காமல் சீராக வந்துகொண்டே இருந்தால், எரிந்த வாயு தண்ணீர்ச் சுற்றுக்குள் வருகிறது. ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், இன்ஜின் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல் போல இறுகினாலும் அதேதான் அர்த்தம். ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த மாதிரி படிந்திருக்கிறதா, டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். நீல நிற மருந்து ஊற்றிய ஒரு குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சும் சோதனை ஒன்று இருக்கிறது. எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். நல்ல வொர்க்‌ஷாப்பில் இருக்கும், அதைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் விடச் சுலபம் பிரஷர் டெஸ்ட். மூடி இருக்கும் இடத்தில் கைப் பம்பை மாட்டி, மூடியில் போட்டிருக்கிற அளவுக்கு அழுத்தம் ஏற்றிவிட்டு, பதினைந்து நிமிடம் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ போகிறது. இன்ஜின் குளிர்ந்திருப்பதால் ஆவியாகாமல் சொட்டாகவே கண்ணில் படும். இதைச் செய்யாமல் கூலன்ட் வாங்கி ஊற்றுவது காசைக் கரைக்கிற வேலை.

இப்போது மேட்டூர் அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். அண்ணா, நீங்கள் சொல்வது உங்கள் அம்பாசிடருக்கு உண்மை. பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். தண்ணீர் போகிற வழிகள் அகலம். உப்புப் படிந்தால் அப்பா மேல் தொட்டியின் ஈயத்தை உருக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுத் தள்ளி, திரும்பப் பற்றவைத்துக் கொடுப்பார். அந்த ரேடியேட்டரை எத்தனை முறை வேண்டுமானாலும் பிரிக்கலாம். ஜென் அப்படி இல்லை. 993 சிசி, பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். ரேடியேட்டரும் அலுமினியக் கோர், பிளாஸ்டிக் தொட்டி என்றால் குழாய்கள் மெல்லியவை, கம்பி விட முடியாது. குளோரைடு இருக்கிற தண்ணீர் அலுமினியத்தில் புள்ளி புள்ளியாகக் குழி பறிக்கும். ஹெட்டில் கேஸ்கட் உட்காரும் இடத்தில் அந்தக் குழி விழுந்தால் புதுக் கேஸ்கட்டும் நிற்காது.

உறையாமல் இருக்க மட்டும்தான் கூலன்ட் என்பது எங்கள் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது. நமக்கு வேண்டியது அதிலிருக்கும் துருத்தடுப்பு மருந்தும், கொதிநிலை கூடுவதும், வாட்டர் பாடி சீலுக்குக் கிடைக்கிற வழவழப்பும்.

போர் தண்ணீர் விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சுற்றிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். அதிலிருந்த சுண்ணாம்பும் மெக்னீசியமும் உள்ளேயே தங்கும். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் புதிதாகக் கொஞ்சம் உப்பு சேர்கிறது. அதிகச் சூடு இருக்கும் இடத்தில்தான் முதலில் படியும். அதாவது ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி. அங்கே மெல்லிய படலம் வந்தாலே சூடு தண்ணீருக்கு இறங்காது. டெம்பரேச்சர் முள் சரியாகக் காட்டும், ஆனால் ஹெட் உள்ளுக்குள் அளவுக்கு மீறிச் சூடாகிக்கொண்டிருக்கும். நாமக்கல், சேலம் போர் தண்ணீரில் ஓடிய ரேடியேட்டரைத் தட்டினால் வெள்ளை வெள்ளையாகக் கொட்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீர்கள். அது இன்ஜின் சீக்கிரம் சூடாகி ஒரே சூட்டில் நிற்பதற்காக வைத்தது. எடுத்துவிட்டால் இன்ஜின் எப்போதும் குளிர்ச்சியாக ஓடும், பெட்ரோல் கூடுதலாகப் போகும், ஆயிலில் ஈரம் சேரும். சில இன்ஜின்களில் அது இல்லாமல் போனால் தண்ணீர் ரேடியேட்டருக்கு முழுதாகப் போகாமல் பைபாஸ் வழியே சுற்றிவந்து, மேட்டில் இன்னும் சூடாகும். ஒட்டிக்கொண்டதா என்று சந்தேகம் இருந்தால், கழற்றிப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் காய்ச்சிப் பாருங்கள். அதன் மேலேயே 82 அல்லது 88 என்று எழுதியிருக்கும். அந்தச் சூட்டை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் புதியது போடுங்கள்.

குன்னூர்_பாதை

சேலம் அக்கா மூடியைப் பற்றிச் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் குன்னூரில் இருக்கிறேன், கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரிக்கே கொதித்துவிடும். மூடி பழுதான வண்டிகள் சமவெளியில் சமாளித்துவிட்டு இங்கே வந்து சிக்குவதற்கு அதுவும் ஒரு காரணம். மேட்டில் ஏசியை அணைத்தது சரி. முள் இன்னும் ஏறினால் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேனையும் முழு வேகத்தில் போடுங்கள். உள்ளே வெந்துபோகும், ஆனால் ஹீட்டர் கோர் இன்னொரு சின்ன ரேடியேட்டராக வேலை செய்து முள்ளைக் கீழே இறக்கும். கர்நாடகத்திலிருந்து வருகிற வண்டிகள் மசினகுடியிலிருந்து கல்லட்டி ஏறும்போது இப்படித்தான் தப்பித்தன என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், 36 வளைவும் செங்குத்து. பிறகு, டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும். வெறும் தண்ணீரோடு வருகிறவர்கள் அதையும் நினைவில் வையுங்கள்.

நாமக்கல்_ஜென்

அனைவருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி நாமக்கல்லில் ஒரு வொர்க்‌ஷாப்பில் பிரஷர் டெஸ்ட் செய்தேன். முள் மெதுவாக இறங்கியது. வாட்டர் பாடிக்குக் கீழே சொட்டு வந்தது, நீங்கள் சொன்ன அதே சின்ன ஓட்டையிலிருந்து. மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. நீல மருந்துச் சோதனையில் நிறம் மாறவில்லை, ஆயிலும் சுத்தமாக இருக்கிறது. மனசுக்கு நிம்மதி.

மெக்கானிக், டைமிங் பெல்ட்டைக் கழற்றித்தான் வாட்டர் பாடியை எடுக்க முடியும் என்கிறார். அதற்குத் தனிக் கூலி கேட்கிறார். நியாயமா? அது முடிந்ததும் கூலன்ட்டை நானே மாற்றலாம் என்று இருக்கிறேன். அந்தச் சிவப்பை ஊற்றலாமா? பழையது எல்லாம் எப்படி வெளியே வரும்?

கோவை_இன்ஜினீயர்

நிறத்தை நம்பாதீர்கள். நிறம் வெறும் சாயம், எந்தக் கம்பெனியும் எந்த நிறமும் போடலாம். உள்ளே இருக்கும் மருந்து வகைதான் முக்கியம். பழைய பாணிப் பச்சையில் சிலிக்கேட், பாஸ்பேட் மாதிரி உப்புகள் இருக்கும், சுமார் 2 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். ஆர்கானிக் ஆசிட் வகை 5 வருடம் வரை போகும். இரண்டையும் கலந்தால் ஒன்றின் பாதுகாப்பை மற்றது கெடுக்கும், சில ஜோடிகள் கூழாகவும் திரியும். கேனின் பின்பக்கம் ஏ.எஸ்.டி.எம். டி3306, ஜே.ஐ.எஸ். கே2234, ஐ.எஸ். 5759 என்ற தர எண்களில் ஏதாவது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுமே போடாத, "ரேடியேட்டர் கூலன்ட்" என்று மட்டும் எழுதிய சாயத் தண்ணீரும் கடைகளில் கிடைக்கிறது.

சேலம்_ரேடியேட்டர்

வாட்டர் பாடி என்று தெரிந்தது நல்லது தம்பி. உங்கள் மெக்கானிக் சொல்வது சரி, கூலி நியாயம்தான். அந்த இன்ஜினில் டைமிங் பெல்ட்டை இறக்காமல் பம்பை எடுக்க முடியாது. எப்படியும் பிரிப்பதால் பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரையும் சேர்த்தே புதிதாகப் போட்டுவிடுங்கள். பெல்ட்மேல் கூலன்ட் பட்டிருந்தால் அதை மறுபடி மாட்டவே கூடாது. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் விரலால் அமுக்கிப் பாருங்கள், உள்ளே நொறுங்குகிற மாதிரி இருந்தாலும், கிளிப் பக்கத்தில் உப்பியிருந்தாலும் அதையும் மாற்றிவிடுங்கள்.

கோவைக்காரர் சொன்ன நிற விஷயம் சரி. உங்கள் சிவப்புக் கேனில் அந்த எண்கள் இருந்தால் ஊற்றலாம், ஆனால் மேலே ஊற்றக் கூடாது. பழையது முழுக்க வெளியே போன பிறகுதான்.

வீட்டில் செய்ய முடியும். பம்பு மாற்றும்போதே பாதி வடிந்துவிடும், ஆனால் பிளாக்குக்குள்ளும் ஹீட்டர் கோருக்குள்ளும் மீதி நிற்கும். குளிர்ந்த நேரத்தில் ரேடியேட்டருக்கு அடியில் இருக்கிற வடிகால் திருகைத் திறந்து வடியுங்கள். பிளாஸ்டிக் திருகு, கையால் திறக்க வரவில்லை என்றால் பிளையர் போட்டு முறுக்காதீர்கள், உடைந்துவிடும். கீழ் ஹோஸைக் கழற்றிவிடுங்கள். பாட்டிலையும் கழற்றிக் கழுவுங்கள், அடியில் சேறு தங்கியிருக்கும். இதை மறந்துவிட்டால் முதல் நாளே புதுக் கூலன்ட் கலங்கிவிடும்.

பிறகு டிஸ்டில்ட் வாட்டர் நிறைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் சூடாகும் வரை ஓடவிடுங்கள். அதுவரை தெர்மோஸ்டாட் மூடியிருக்கும், உள்ளே இருப்பது அசையாது. அணைத்து, முழுக்க ஆறவைத்து, வடியுங்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், ஹெட் வெடிப்பு விடும். வருகிற தண்ணீர் தெளியும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். பழுப்பு நிறம் வாட்டர் பாடி, இரும்புப் பைப் இவற்றின் துருவும், பழைய உப்புச் சேறும்தான், கொஞ்சம் பொறுமை வேண்டும். அவசரத்துக்கு யாராவது காஸ்டிக் சோடா போடலாம் என்று சொன்னால் கேட்காதீர்கள். அப்பா காலத்தில் பித்தளை ரேடியேட்டரைக் காஸ்டிக் தொட்டியில் போட்டுக் காய்ச்சுவோம். அலுமினியத்தை அது கரைத்தே விடும். அதேபோல் கசிவை நிறுத்த மஞ்சள்தூள் போடுவதும். காட்டுப் பாதையில் மாட்டிக்கொண்டால் வீடு சேருவதற்கு அது உதவும், நானே லாரிக்காரர்களுக்குச் சொல்வேன். வீடு வந்ததும் கழுவி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஹீட்டர் கோரின் மெல்லிய வழிகளை அதுதான் முதலில் அடைக்கும்.

இப்போது கலவை. கழுவிய பிறகும் கொஞ்சம் டிஸ்டில்ட் வாட்டர் உள்ளேயே தங்கும். அதனால் கலந்தே வருகிற ரெடிமிக்ஸ் ஊற்றினால் நீர்த்துப்போகும். முதல் முறைக்குத் தண்ணீர் கலக்காத கான்சென்ட்ரேட் வாங்குவது நல்லது. மேனுவலில் மொத்தக் கொள்ளளவு போட்டிருக்கும். உதாரணத்துக்கு 4 லிட்டர் என்றால், முதலில் 2 லிட்டர் கான்சென்ட்ரேட்டை ஊற்றிவிடுங்கள், பிறகு கழுத்து வரும் வரை டிஸ்டில்ட் வாட்டர். உள்ளே எவ்வளவு தங்கியிருந்தாலும் கணக்குச் சரியாக வரும். உங்கள் கையில் இருப்பது ரெடிமிக்ஸ் என்றால் அதை வைத்திருங்கள், அதே வகைக் கான்சென்ட்ரேட் கிடைத்தால் பின்னால் பாட்டிலில் ஊற்ற உதவும். கூடுதலாகப் போட்டால் கூடுதல் குளிர்ச்சி என்று நினைக்காதீர்கள். சூட்டைச் சுமப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். பாதிக்கு மேல் கூலன்ட் போகப் போகச் சுமக்கும் திறன் குறையும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் துருத்தடுப்பு வலு இழக்கும். சமவெளியில் பாதிக்குப் பாதி போதும்.

டிஸ்டில்ட் வாட்டரை மட்டும் நிறைத்து "சுத்தமாக இருக்கிறதே" என்று விட்டுவிடாதீர்கள். மருந்து இல்லாத சுத்தத் தண்ணீரிலும் உலோகம் அரிக்கும்.

ஊற்றும்போது மெதுவாக ஊற்றுங்கள். வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் மேடாக நின்றால் நல்லது. மூடியைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்து, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸை இடையிடையே அமுக்கிவிடுங்கள். காற்று குமிழாக வெளியேறும், அளவு இறங்கும், திரும்ப நிரப்புங்கள். ரேடியேட்டர் ஃபேன் தானாகப் போட்டு, தானாக அணைய வேண்டும். இரண்டாம் முறையும் அப்படிச் சுற்றி நின்றபின், குமிழ் நின்றிருந்தால், மூடியைப் போடுங்கள். ஹீட்டரில் வருகிற காற்று சூடாக இல்லை என்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அதோடு வண்டியை எடுக்காதீர்கள். பாட்டிலில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். நிறைய ஊற்றினால் சூட்டில் வழிந்துவிடும். முதல் சில நாள் காலையில் மூடியைத் திறந்தும் பாருங்கள், மிச்சக் காற்று வெளியேறிக் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதற்கப்புறம் இறங்கவே கூடாது.

கொல்லிமலைக்கு உடனே போக வேண்டாம். ஊரைச் சுற்றி ஓட்டி, வாட்டர் பாடி அடியில் திரும்பச் சொட்டு இல்லை என்று உறுதியான பிறகு போங்கள்.

மேட்டூர்_பழையவண்டி

பொறுமையாக விளக்கியதற்கு நன்றி அம்மா. மகனுடைய வண்டியில் இன்றைக்கே மூடியைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன், காலையில்தான். அவனும் போர் தண்ணீர்தான் ஊற்றுகிறான்.

நாமக்கல்_ஜென்

வாட்டர் பாடி, டைமிங் பெல்ட், மூடி எல்லாம் மாற்றியாகிவிட்டது. கழுவும் வேலையை இந்த ஞாயிறு ஆரம்பிக்கிறேன். கடைசியாக ஒன்று கேட்கிறேன் அக்கா: வடிக்கிற பழைய தண்ணீரை எங்கே ஊற்றுவது? வீட்டு முன்னால் சாக்கடை இருக்கிறது, எதிரே காலி மனையும் இருக்கிறது.

சேலம்_ரேடியேட்டர்

இரண்டிலும் ஊற்றாதீர்கள். கூலன்ட்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். தெரு நாயும் பூனையும் நக்கிக் குடித்துவிடும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் செத்துவிடும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகாது. குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. அகலமான பேசினில் பிடியுங்கள், தரையில் சிந்தினால் மணல் போட்டு வாரிவிட்டு அந்த இடத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பழையதை மூடி உள்ள கேனில் ஊற்றி, மேலே "விஷம், பழைய கூலன்ட்" என்று பெரிதாக எழுதி வையுங்கள். குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். உங்களுக்கு வாட்டர் பாடி மாற்றிய வொர்க்‌ஷாப்பில் பழைய ஆயில் எடுக்கிறவர் வருவார், அதனோடு கலக்காமல் தனியாக எடுத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். சேலம் பக்கம் வந்தால் கேனை என் கடையிலேயே கொடுத்துவிடலாம், நான் சேர்த்து வைத்துத்தான் அனுப்புகிறேன்.